உப்பைக் குறைப்பது யார் கடமை?

கும்பகோணத்தை அடுத்த திருநாகேஸ்வரம் ஒப்பிலியப்பன் கோயிலில் பெருமாளுக்குப் படைக்கும் எதிலும் உப்பு கிடையாது. மார்க்கண்டேய முனிவர் வளர்த்த பூமிதேவியைப் பெருமாள் கிழவர் வேடத்தில் வந்து பெண் கேட்டாராம். சமையலில் உப்புப் போடக்கூடத் தெரியாத சின்னப் பெண் என்று முனிவர் தயங்க, உப்பில்லாமலே சாப்பிடுவதாக அவர் ஒப்புக்கொண்டார் என்கிறது தலபுராணம். உடல்நலம் பற்றிய கதை அல்ல இது. ஆனாலும் பழைய கேள்வி ஒன்றைக் கிளப்பிவிடுகிறது: உணவுக் கட்டுப்பாடு தனியொருவரின் வைராக்கியமா, கூடி வாழ்பவர்கள் சேர்ந்து ஏற்கும் நெறியா?

'பி.பி. இருக்கிறது' என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து நம் வீடுகள் முதல் விடையைத்தான் பிடித்துக்கொள்கின்றன. "இனிமே வாயைக் கட்டணும்." கட்டாவிட்டால் பழி நோயாளிமேல். சிலர் ஒரு படி மேலே போய், எல்லாம் அவரவர் வினை என்றும் சொல்லிவிடுவார்கள். அதே வீட்டில் சாம்பார் பழைய உப்போடுதான் கொதிக்கும், அப்பளம் பொரியும், ஊறுகாய் ஜாடி இருந்த இடத்திலேயே இருக்கும்.

உப்பிலுள்ள சோடியம் அதிகமானால் உடல் நீரைத் தேக்கிக்கொள்கிறது. ஓடும் ரத்தத்தின் அளவு கூடி, நாளங்களின் சுவரில் அழுத்தம் ஏறுகிறது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலக மக்கள் சராசரியாக உண்பது அதைப்போல் இரண்டு மடங்கு.

1988-இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வு, 32 நாடுகளில் 52 இடங்களைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்தது. அவர்களில் அமேசான் காட்டின் யானோமாமி மக்களும் உண்டு. சமையலில் உப்பே சேர்க்காத அவர்களுடைய மேல் அழுத்தம் (ரத்த அழுத்த அளவின் மேல் எண்) சராசரியாக 100-ஐக்கூடத் தொடவில்லை. வயது ஏறியும் அது ஏறவில்லை. மெலிந்த உடலும் ஓயாத உழைப்பும் இதற்குக் கைகொடுத்திருக்கும். ஆனால் அவர்களில் யாரும் ஆசையோடு போராடி உப்பை விட்டவர்கள் அல்லர். ஊரிலேயே உப்பு இல்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் நடந்த டாஷ்-சோடியம் ஆய்வின் முடிவு 2001-இல் வந்தது. காய்கறி, பழம், முழுத்தானியம், கொழுப்பு குறைந்த பால் நிறைந்த உணவைக் குறைந்த உப்போடு உண்டபோது, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களின் மேல் அழுத்தம் சராசரியாக 11.5 புள்ளி குறைந்திருந்தது. அதிக உப்புள்ள வழக்கமான அமெரிக்க உணவோடு ஒப்பிட்ட கணக்கு இது. மாத்திரை செய்கிற வேலையைச் சாப்பாடு செய்தது! ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தச் சாப்பாட்டை ஆய்வாளர்களே தயாரித்துக் கொடுத்தார்கள். பங்கேற்றவர்களின் மனவுறுதியை மட்டும் நம்பி யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

உணவோடும் கதை முடியவில்லை. இத்தாலியின் உம்பிரியா பகுதியில் மடத்தைவிட்டு வெளியே வராத 144 கன்னியாஸ்திரீகளை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வெளியுலகில் வாழ்ந்த பெண்களுக்கு வயதோடு அழுத்தம் ஏறியது, இவர்களுக்கு ஏறவில்லை. இத்தனைக்கும் இரு தரப்பாரும் உண்ட உப்பு ஏறக்குறைய ஒன்றே. மௌனமும் ஜெபமும் பூசலற்ற வாழ்வும் காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ஒப்பீட்டை மட்டும் வைத்து அதை அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அந்த அமைதியை ஒவ்வொருத்தியும் தனியாகத் தேடவில்லை; மடத்தின் ஒழுங்கு எல்லோருக்கும் சேர்த்தே அதைத் தந்தது.

ஆகவே, நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது மருத்துவமும் அல்ல, அறமும் அல்ல. அவருக்குப் பொறுப்பு இல்லாமல் இல்லை. அதில் பாதி உடன் உண்பவர்களுடையது. மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியம் கலந்த உப்புக்கு மாறுமுன் டாக்டரைக் கேட்க வேண்டும். மற்றபடி, ஒருவருக்கு மட்டும் தனிக் குழம்பு வைப்பதை விட்டுவிட்டு, வீட்டில் எல்லோரும் உண்ணும் குழம்பில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.