பசிக்கு மருந்துச்சீட்டு



வியாதியஸ்தருக்கு மாத்திரை கொடுப்பது அரசாங்கத்தின் கடமை என்கிறோம். அவருக்குச் சோறு கொடுப்பது மட்டும் தயவு என்கிறோம். இது நியாயமா?

அமெரிக்காவில் மிசிசிப்பி மாகாணத்து மவுண்ட் பேயூ என்ற ஊரில், 1960-களில் ஜாக் கைகர் என்னும் டாக்டர் ஏழைகளுக்கு வைத்தியசாலை நடத்தினார். வந்த குழந்தைகள் பலருக்குப் பசியே வியாதி. ஆகவே மருந்துச்சீட்டில் உணவை எழுதினார். கடைக்காரர் பொருளைக் கொடுத்தார். வைத்தியசாலையின் மருந்துக் கணக்கு பணத்தைக் கட்டியது. மருந்துப் பணத்தை இப்படிச் செலவிடலாமா என்று அதிகாரிகள் ஆட்சேபித்தபோது, ஊட்டக்குறைவுக்கு உணவே மருந்து என்றார் அவர்.

அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை. 1965-ல் அங்கே ஏழைகளுக்கென ஏற்பட்ட மெடிக்கெய்ட் என்னும் அரசாங்க மருத்துவக் காப்பீடு, பிற்காலத்தில் சில மாகாணங்களில் உணவுக்கும் பணம் கொடுக்க முன்வந்தது. வட கரோலினாவில் 2022-ல் இது தொடங்கியது. மாகாணம் பணம் ஒதுக்காததால் 2025 ஜூலையில் நின்றுபோயிற்று.

“பசி எல்லாருக்கும் உண்டு, காப்பீட்டுப் பணம் எத்தனை வயிற்றுக்குப் போதும்?” என்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் ஊருக்கெல்லாம் சாப்பாடு போடுவது பற்றியல்ல பேச்சு. உணவின்றித் தேறமாட்டார் என்று வைத்தியர் கண்டவருக்கே அது. நீரிழிவுக்காரருக்கு இன்சுலினைக் கொடுத்து, வேளைக்கு உணவில்லாமல் விட்டால், அந்த இன்சுலினே அவருக்கு ஆபத்தாகும். அரைகுறை வைத்தியம் சிக்கனமன்று, வீண்செலவு.

அரசாங்கத்தைக் கேட்குமுன் நம்மையும் கேட்போம். நோயாளியைப் பார்க்கப் போனால், “மருந்து சாப்பிட்டீர்களா?” என்று விசாரிக்கிறோம். அவர் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று முதலில் பார்ப்போமாக.