ஆறு மணிக்கு மூடும் சாலை

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். நானும் அந்நேரம் லேப்டாப்பை மூடிவிட்டு அங்கே நடக்கப் போவேன். சின்னதாக ஒரு மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். ‘நடந்தா நாளைக்கு வேலை நல்லா ஓடும்’ என்பது என் கணக்கு. அப்படியென்றால் அந்த நடையும் வேலைதானே?

இதே ஊரில் 1926 முதல் அரவிந்தர் ஆசிரமத்தை நிர்வகித்த அன்னை மிர்ரா அல்ஃபாசா, அத்தனை பொறுப்புக்கு நடுவிலும் எழுபது வயதைத் தாண்டி டென்னிஸ் ஆடினார். அதுவும் அவருக்கு யோகம்தான் என்பார்கள். இருக்கட்டும். ஆனால் மட்டையைப் பிடித்தபின் பந்தைத்தான் பார்க்க வேண்டும். பலனைப் பார்த்தால் பந்து போய்விடும்.

மகிழ்ச்சிக்கு விலையும் உண்டு. நான் எடுக்காத ஒரு அழைப்பில் என் ஊழியரின் சம்பளம் இருக்கலாம். அதனால் முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்: ஆறிலிருந்து ஏழு வரை நான் கிடைக்கமாட்டேன். சாலை மூடினால் வண்டிகள் வேறு தெருவில் போகத்தானே செய்கின்றன?