காயமும் கட்டுத்துணியும்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் வெளியூரார்க்கு ஆண்டாள் கோயில் கோபுரமும் பால்கோவாவும் நினைவுக்கு வரும். இராஜபாளையம் என்றால் நூற்பாலைகள் நினைவுக்கு வரும். ஆனால் இவ்வூர்களை அடுத்துள்ள சத்திரப்பட்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ஓயாது ஒலிக்கும் விசைத்தறிகளைப் பற்றி அறிந்தோர் சிலரே. அங்கே நெய்யப்படுவது சேலையன்று, வேட்டியுமன்று. புண்ணைக் கட்டும் பேண்டேஜ் துணி! நெருக்கமில்லா இழைகளாக நெய்து, வெளுத்து, உலர்த்தி, சுருளாகச் சுருட்டி வெளியூர் மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறார்கள். தாம் நெய்யும் துணி யாருடைய காயத்தைக் கட்டப் போகிறது என்பது நெய்வார்க்குத் தெரியாது. அத்துணியும் காயம்பட்டவரின் குலத்தைக் கேட்பதில்லை, மார்க்கத்தைக் கேட்பதில்லை.

உடற்காயத்துக்கு இவ்வாறு துணி இருக்கிறது. ஆனால் ஒரு கொடுங்குற்றம் ஒரு குடும்பத்தின் மீது, ஓர் ஊரின் மீது ஏற்படுத்தும் காயத்தைக் கட்டுவது எது? குற்றவாளிக்கு வழங்கப்படும் தண்டனையா? குற்றத்துக்கு ஆளானோர் அளிக்கும் மன்னிப்பா? அல்லது இவ்விரண்டும் போக வேறொன்றும் வேண்டியிருக்கிறதா? இவ்வினாவைச் சிந்திக்க, கட்டுத்துணி நாள்தோறும் தேவைப்படும் ஓர் இல்லத்தின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

ஒடிசா மாநிலத்தின் வடபகுதியில் மயூர்பஞ்ச் மாவட்டம் இருக்கிறது. அதன் தலைநகர் பாரிபடா. ஆஸ்திரேலியக் கிறிஸ்தவ ஊழியர்கள் 1895ஆம் ஆண்டில் அங்கே தம் பணியைத் தொடங்கினர். அம்மிஷன் பேணி வந்த தொழுநோய் இல்லத்தில் பணிபுரிய, 1965ஆம் ஆண்டு கிரஹாம் ஸ்டெயின்ஸ் என்னும் இளைஞர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து சேர்ந்தார். அவர் ஒரிய மொழியைக் கற்றார்; அம்மக்களிடையே முப்பதாண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தார். அவர் மனைவி கிளாடிஸ் செவிலியர் பயிற்சி பெற்றவர். எஸ்தர், பிலிப், திமொத்தி என மூன்று மக்கள்.

தொழுநோயைப் பற்றி ஒரு செய்தியை இங்கே கூறியாக வேண்டும். அந்நோய் கைவிரல்களைத் தின்றுவிடுகிறது என்றே நெடுங்காலம் உலகம் நம்பிற்று. உண்மை அதுவன்று. நோய்க்கிருமி நரம்புகளைத் தாக்குகிறது. நரம்பு செயலிழக்கவே தோல் உணர்ச்சியை இழக்கிறது. கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்டாலும் கை சுடுவதில்லை. முள் தைத்தாலும் கால் வலிப்பதில்லை. வலியில்லாமையால் காயம் கவனிக்கப்படாமற் போகிறது. கவனிக்கப்படாத காயம் புண்ணாகி, உறுப்பையே சிதைத்துவிடுகிறது. நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் இதனை விளக்கிக் காட்டியவர்களுள் முதன்மையானவர். பல மருந்துகளைச் சேர்த்து உட்கொள்ளும் கூட்டு மருந்து முறையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. அது முதல் இந்நோய் முற்றிலும் தீர்க்கக் கூடியதாயிற்று. ஆயினும் கிருமி ஒழிந்த பின்னரும் மரத்துப்போன கையும் காலும் மரத்தவையாகவே இருந்துவிடுவதுண்டு. அவற்றை ஒவ்வொரு நாளும் பார்த்து, கழுவி, கட்டிவிட ஒருவர் வேண்டும். ஒருநாள் தவறினாலும் தீங்குதான். இல்லத்தின் வேலை இதுவே. புகழுக்கு இடமில்லாத, ஓய்வுக்கும் இடமில்லாத வேலை.

1999ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் இரவு. கியோஞ்சர் மாவட்டத்து மனோகர்பூர் என்னும் சிற்றூரில் ஸ்டெயின்ஸ் தம் இரு மைந்தர்களுடன் வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்தார். பிலிப்புக்கு வயது பத்து, திமொத்திக்கு ஆறு. நள்ளிரவுக்குப் பின் ஒரு கும்பல் அவ்வண்டியைச் சூழ்ந்து தீ வைத்தது. தந்தையும் மக்களும் வெளியேற வழியின்றி எரிந்து மாண்டனர். அவர் மதமாற்றம் செய்தார் என்பது கும்பலின் தரப்பில் கூறப்பட்ட காரணம். காரணம் எதுவாயினும் ஆகுக! உறங்கும் குழந்தையைக் கொளுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு என்று பேசத் தொடங்கும் நாவு, நெருப்பை உணராத கையினும் கொடிதன்றோ?

கிளாடிஸ் அம்மையார் கொலையாளிகளைத் தாம் மன்னித்துவிட்டதாக அறிவித்தார். உலகமெங்கும் அச்சொல் பேசப்பட்டது. ஆனால் நம் உள்ளத்தை ஈர்ப்பது அந்தச் சொல்லினும் அதற்குப் பின் நடந்ததேயாகும். அவர் தம் மகளை அழைத்துக்கொண்டு உடனே தாய்நாட்டுக்குத் திரும்பியிருக்கலாம். அதனைக் குறை கூற எவர்க்கும் உரிமை இருந்திராது. ஆயினும் அவர் பாரிபடாவிலேயே தங்கினார். 2004ஆம் ஆண்டு வரை, ஐந்தாண்டுகளுக்கு மேலாக, கணவர் விட்டுச் சென்ற பணியை மிஷன் குழுவினருடன் சேர்ந்து நடத்தினார். இல்லம் மூடப்படவில்லை. காலையில் புண்ணைக் கழுவும் நீர் வழக்கம்போல் காய்ச்சப்பட்டது. கட்டுத்துணி வழக்கம்போல் பிரிக்கப்பட்டது. கணவரின் பெயரால் ஒரு மருத்துவமனையும் அங்கே எழுந்தது. இந்திய அரசு 2005இல் அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று.

இங்கே ஓர் ஐயம் எழலாம். மன்னித்துவிட்ட பின் நீதிமன்றம் எதற்கு? மன்னிப்பு நீதியைக் கைவிடுவதாகாதா? அம்மையாரே இதற்கு விடை கூறியுள்ளார். மன்னிப்பு வேறு, குற்றத்தின் விளைவு வேறு. இரண்டையும் குழப்பலாகாது என்பது அவர் கருத்து. வழக்கும் தன் வழியே சென்றது. முதன்மைக் குற்றவாளியான தாரா சிங்குக்கு 2003இல் கீழ்நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2005இல் உயர்நீதிமன்றம் அதனை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அரசு செய்ய வேண்டியதை அரசு செய்தது. மனைவி தம் உள்ளத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார். ஒன்று மற்றொன்றைத் தடுக்கவில்லை.

நம் மார்க்க மரபில் வளர்ந்தார்க்கு இது புதிய பாடமன்று. கொலையுண்டவரின் வாரிசுகளுக்குப் பழி கோரும் உரிமை உண்டு. இழப்பீடு பெறும் உரிமை உண்டு. மன்னிக்கும் உரிமையும் உண்டு என்பது இஸ்லாமியச் சட்டம். மன்னிப்பு வாரிசின் உரிமை. ஊராரின் உரிமையன்று என்பதை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். உஹதுப் போரில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தையார் ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்ற வஹ்ஷி, பின்னர் இஸ்லாத்தைத் தழுவி வந்தபோது அண்ணலார் அவரை ஏற்றுக்கொண்டார்கள். எனினும் தம் பார்வையில் படாதிருக்க இயலுமாவென்று அவரிடம் கேட்டார்கள். மன்னித்த பிறகும் காயம் காயமாகவே இருந்தது. அதனை மறைக்கவேண்டிய தேவையும் அண்ணலாருக்கு இருக்கவில்லை. மன்னிப்பு என்பது வலியில்லாமையன்று. வலி இருக்கையிலேயே பழிவாங்காதிருப்பதுதான் மன்னிப்பு.

ஆகவே, பாதிக்கப்பட்டோரின் வாயிலிருந்து மன்னிப்பை வரவழைக்க முனைவது பெருந்தவறு. மையித்து வீட்டை விட்டு வெளியேறுமுன்னரே, "பெருந்தன்மையோடு மன்னித்துவிடுங்கள்" என்று தாயிடம் சென்று கூறுவாரை நாம் கண்டிருக்கிறோம். அது சமாதானமன்று, தம் தொல்லை தீர்ந்தாற்போதும் என்னும் தன்னலமே. கிளாடிஸ் அம்மையாரைச் சுட்டிக்காட்டி, மன்னிக்க இயலாத மற்றொரு விதவையைக் குறைத்துப் பேசுவோமாயின், அம்மையாரின் செயலை நாம் சிறிதும் புரிந்துகொள்ளவில்லை என்பதே பொருள்.

இன்னொன்றையும் நெஞ்சில் கை வைத்துக் கேட்டுக்கொள்வோமாக. அதே 1999ஆம் ஆண்டு, அதே மயூர்பஞ்ச் மாவட்டத்தில், ஆகஸ்ட் மாதம் ஒரு முஸ்லிம் வணிகர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். அக்கொலைக்காகவும் தாரா சிங் தண்டிக்கப்பட்டான். ஸ்டெயின்ஸின் பெயரை உலகம் அறியும். அவ்வணிகரின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இதனைப் பொறாமையால் கேட்கவில்லை. கடமையை நினைந்தே கேட்கிறோம். ஸ்டெயின்ஸின் பெயர் நிலைத்தது அவர் வெளிநாட்டவர் என்பதனால் மட்டுமன்று. அவருக்குப் பின் அவர் பணியைச் சுமந்துகொள்ள ஒரு சமூகம் இருந்தது. இல்லத்தின் செலவை அவர்கள் பகிர்ந்துகொண்டனர். விதவையைத் தனியே விட்டுவிடவில்லை. மன்னிப்பு ஒருவர் உள்ளத்தில் பிறக்கலாம். ஆனால் அதனைத் தாங்கி நிற்கப் பல தோள்கள் வேண்டும்.

நம் ஊர்களில் ஒரு குற்றம் நிகழ்ந்தால் நாம் செய்வது என்ன? கண்டனக் கூட்டம் கூட்டுகிறோம். தீர்மானம் நிறைவேற்றுகிறோம். சுவரொட்டி ஒட்டுகிறோம். நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குப் பின் அவ்வீட்டுப் பக்கம் போவோர் யார்? மூன்றாம் ஆண்டு வழக்கு விசாரணைக்கு வரும்போது அந்தப் பெண்ணுக்குத் துணையாக நீதிமன்றத்துக்குச் செல்வோர் யார்? பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை ஒவ்வோர் ஆண்டும் நினைவு வைத்துச் செலுத்துவோர் யார்? இறந்தவர் நடத்தி வந்த கடையோ கல்விப்பணியோ நின்றுவிடாமல் காப்போர் யார்? ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் இக்கேள்விகளைத் தன்னிடமே கேட்டுக்கொள்ளலாம். அண்டை வீட்டுக் கிறிஸ்தவர்க்கோ இந்துவுக்கோ இத்தகைய துயர் நேரும்போதும் இக்கேள்விகள் மாறுவதில்லை.

குற்றம் புரிவோர் ஓர் உயிரை மட்டும் அழிக்க எண்ணுவதில்லை. அவ்வுயிர் செய்துவந்த நன்மையும் நின்றுபோக வேண்டுமென்று எண்ணுகிறார்கள். தண்டனை குற்றவாளியின் கையைக் கட்டும். மன்னிப்பு, பாதிக்கப்பட்டவரின் உள்ளத்தில் பகை வேரூன்றாமல் காக்கும். நின்றுபோக இருந்த நன்மையை மீண்டும் நடக்கச் செய்வதோ சுற்றத்தாரின் வேலை. இம்மூன்றும் சேர்ந்தால்தான் காயம் ஆறும்.

சத்திரப்பட்டித் தறியில் ஓர் இழை தனித்து நின்றால் ஒரு துளிக் குருதியையும் தடுக்காது. பல இழைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கூடிய பின்னரே அது கட்டுத்துணி என்னும் பெயரைப் பெறுகிறது. நாமும் அத்தகைய இழைகளாவோம். காயம் யாருடையதென்று கேளாமல் கட்டுவோம்; ஒருநாள் கட்டிவிட்டுச் செல்லாமல் ஆறும்வரை கட்டுவோம்.