தனிக்குடித்தனம்

ரூபி மொழியில் எழுதுவோர் தங்கள் நிரலைச் சோதிக்கக் கையாளும் ஆர்ஸ்பெக் என்ற திறந்த மூல நூலகம், 2014-இல் மூன்றாம் பதிப்பு கண்டபோது ‘இட்ஸ்’ என்ற சிறு வசதியைத் தனியே பிரித்து வைத்தது. அழித்துவிடவில்லை, வேண்டியவர் ஓரிரு வரி சேர்த்துக்கொண்டால் பழைய சோதனைகள் ஓடும்.

இப்படி ஒரு வசதியை வெட்டுவது ஒரு நாள் வேலை. வெட்டியதை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் தூக்கம் கெடுக்கும் கேள்வி. ஒவ்வொரு வசதிக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் சம்பளமில்லாத மாலைப்பொழுது இருக்கிறது. எல்லாம் ஒரே கூரைக்குள் இருந்தால் அவர் தளர்ந்துபோவார். சொல்லாமல் வெட்டினால் நம்பியவர்கள் தெருவில் நிற்பார்கள்.

மகளைத் தனிக்குடித்தனம் வைக்கும் அம்மா, பருப்பும் புளியும் கட்டிக் கொடுப்பாள். பத்து நாள் கழித்து வந்து எட்டியும் பார்ப்பாள்.