விதியும் மாத்திரையும்

நோய் வினைப்பயன் என்றால், மருந்து சாப்பிடுவது வினையை மறுப்பதாகுமா? சைவ சித்தாந்த வகுப்பில் நான் விடாமல் கேட்கும் கேள்வி இது. கேட்க வைத்தவள் என் அம்மா.

அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது. கார்த்திகைச் சோமவாரம், ஆடி வெள்ளி, கந்த சஷ்டி எதையும் விடமாட்டாள். விரத நாளில் மாத்திரையும் கிடையாது. "எழுதினபடிதான் நடக்கும்டி" என்பாள். படி ஏறினால் மூச்சு வாங்கியது, வயசு என்றாள். நெஞ்சு கரித்தது, வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்தாள். தாடை வலித்தது, பல்வலி என்று கிராம்பு வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தபோதுதான் மாரடைப்பு என்று தெரிந்தது. அம்மா பிழைக்கவில்லை.

மாதவிடாய் நிற்கும்வரை பெண்ணின் இதயத்துக்கு ஈஸ்ட்ரோஜன் ஓரளவு காவல். சர்க்கரை நோய் அந்தக் காவலைப் பெருமளவு பறித்துவிடுகிறது. நீரிழிவால் கூடுகிற இதய நோய் அபாயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ 44 சதவீதம் அதிகம் என்று 2014இல் வெளிவந்த பெரிய தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. கர்ப்ப காலத்தில் வந்து பிரசவத்தோடு மறைந்த சர்க்கரைகூட, பிற்காலத்தில் அபாயத்தை ஏறத்தாழ இரு மடங்காக்குகிறது.

உயிரியல் ஆசிரியையாக மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றிப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். உணவைச் சக்தியாக்கும் இந்த நுண்ணுறுப்பு, ஓயாமல் துடிக்கும் இதயத் தசைச் செல்லில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை நிறைத்திருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்தால் அது திணறுகிறது. ரத்தக் குழாயையும் தசையையும் அரிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. தனக்கென்று அது வைத்திருக்கும் 37 மரபணுக்கள் தாய்வழியாகவே வருகின்றன. என் அம்மாவுடையவைதான் என்னிடமும் இருக்கின்றன. ஆனால் தினமும் வேகமாக நடந்தால், சில வாரங்களிலேயே தசைகளில் மைட்டோகாண்ட்ரியா பெருகத் தொடங்கும். வந்தது அம்மாவிடமிருந்து, வளர்ப்பது என் கால்கள்.

சித்தாந்தமும் இப்படித்தான் பிரித்துச் சொல்கிறது. பிராரத்தம் முன்வினையின் பயன், நுகர்ந்தே தீர வேண்டியது. ஆகாமியம் இன்று நாம் ஈட்டுவது. நோய் பிராரத்தம் என்றே வைத்துக்கொண்டாலும், மாத்திரையைத் தள்ளிவைப்பது இன்றைய செயல். அதை முன்வினையின் கணக்கில் எழுத முடியாது. அதோடு, தனு (உடம்பு), கரணம் (மனம் முதலிய கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்பொருள்) நான்கும் உயிர் மலம் என்ற அழுக்கு நீங்கி ஈடேற இறைவன் கொடுத்தவை. கொடுத்த கருவியைப் பாழாக்குவது எப்படிப் பக்தியாகும்?

"அப்பருக்கு வந்த சூலை நோய் அருள்தானே?" என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். அருள்தான். ஆனால் அவருடைய அக்கா திலகவதியார் தம்பியை வலியோடு கிடக்க விடவில்லை. திருநீறு கொடுத்துத் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். சூலை நீங்கிய அந்த உடம்புதான் ஊர் ஊராக உழவாரம் பிடித்தது. நோய் வந்தது அருள் என்றால், அது நீங்கியதும் அருளே.

விரதம் இருக்கும் சகோதரிகளே, சர்க்கரை இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு இருங்கள். கர்ப்பத்தில் சர்க்கரை வந்திருந்தால் அதை மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள். மூச்சு வாங்கினாலோ, தாடை வலித்தாலோ, காரணமின்றி உடம்பு தளர்ந்தாலோ உடனே ஈசிஜி எடுங்கள். உங்கள் உடம்பைக் காப்பதும் சிவபூசைதான்.