ஆண்டியும் அவரே, ராஜாவும் அவரே: அடுத்தவர் செலவு நம்மை ஏன் உறுத்துது?

ஓம் சரவணபவ!



போன சஷ்டிப் பதிவைப் படிச்சுட்டு ஒரு தம்பி எனக்குத் தனியா மெசேஜ் போட்டிருந்தார். "அண்ணா, நான் ரொம்ப சிக்கனமா இருக்கேன். பழனி ஆண்டவரே ஒரு கோவணத்தோட நிக்கிறார், நமக்கு எதுக்கு ஆடம்பரம்னு நினைச்சு தேவையில்லாத செலவையெல்லாம் விட்டுட்டேன். ஆனா கூட வேலை பார்க்கிறவங்க பண்ற செலவைப் பார்த்தா எரிச்சலா வருது. இது பக்தியில நான் வளர்றேன்னு அர்த்தமா, இல்ல வேற ஏதாவதா?"

ரொம்ப நேர்மையான கேள்வி. நம்ம வயசுல பல பேருக்கு இது உள்ளே ஓடிக்கிட்டே இருக்கும், வெளியே சொல்ல மாட்டோம். அதனால எல்லோருக்கும் சேர்த்தே எழுதறேன்.

நானும் ஐடி வேலைதான். மதியம் டிபன் பாக்ஸ், போக வர பஸ், கையில நாலு வருஷம் ஆன போன். இதுல எனக்குக் குறை எதுவும் இல்லை. நான் உட்கார்ற அதே டேபிள்ல ஒருத்தர் தினமும் ஆர்டர் பண்ணிச் சாப்பிடுவார், இன்னொருத்தர் வருஷா வருஷம் போன் மாத்துவார். அவங்க எழுந்து போனதும் பேச்சு ஆரம்பிக்கும். "இவனுக்கு வர்ற சம்பளத்துக்கு இது தேவையா?" பேசறவங்க பெரும்பாலும் சிக்கனக்காரங்கதான். அதைக் கவனிச்சப்போதான் பழனி ஆண்டவர் கோலத்தைப் பத்தி எனக்கு வேற மாதிரி யோசனை வந்தது.

பழனிக்குப் போறவங்களுக்குத் தெரியும். காலையில விளா பூஜைக்குப் போனா முருகன் சாதுக் கோலத்துல இருப்பார். அதே நாள் சாயரட்சைக்குப் போனா ராஜ அலங்காரம். கிரீடம், பட்டு, நகைன்னு கண்ணு கூசும். மூலவர் ஒருத்தர்தான். ஒரே நாள்ல துறவியாவும் நிக்கிறார், அரசனாவும் நிக்கிறார். கோவணம் கட்டினப்போ அவருக்கு எதுவும் குறையல, கிரீடம் வெச்சப்போ எதுவும் கூடல.

ஆறுபடை வீட்டையும் இதே கண்ணோட பாருங்க. திருப்பரங்குன்றத்துல தெய்வானை அம்மாவோட கல்யாணக் கோலம். முருகன் கல்யாணம்னா கேட்கவா வேணும், தேவர்கள் எல்லாம் கூடி நடத்தினது. பழனியில ஆண்டிக் கோலம். பழனி ஆண்டி என்னைக்காவது திருப்பரங்குன்றத்து மாப்பிள்ளையைப் பார்த்து "எதுக்கு இவ்வளவு செலவு?"ன்னு கேட்டிருப்பாரா? சிரிப்பா இருக்குல்ல? ரெண்டு பேரும் ஒருத்தர்தானே!

ஆண்டிக் கோலப் படத்தை வீட்ல வெச்சா வறுமை வந்துடும்னு சிலர் பயப்படுவாங்க. ஆண்டின்னா எதுவும் இல்லாதவன்னு அர்த்தம் எடுத்துக்கிறதால வர்ற பயம் அது. முருகன் கைலாயத்துல எல்லாம் இருந்தும் "வேண்டாம்"னு சொல்லிட்டு மலையேறி வந்தவர். வந்த பிறகு கைலாயத்துல யார் என்ன சாப்பிடறாங்க, யார் கையில பழம் இருக்குன்னு அவர் திரும்பிப் பார்த்துக்கிட்டு நிக்கல. நம்மளைக் காப்பாத்தத்தான் நிக்கிறார்.

தம்பியோட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கு. நாம வேண்டாம்னு விட்ட பொருளை அடுத்தவன் கையில எண்ணிக்கிட்டே இருந்தா, அதை நாம இன்னும் விடல. கைதான் விட்டிருக்கு, மனசு பிடிச்சுக்கிட்டே இருக்கு. பணம் செலவாகாம இருக்கலாம், ஆனா நிம்மதி தினமும் செலவாகிட்டே இருக்கும்.

இன்னொண்ணும் இருக்கு. அடுத்தவரோட செலவு மட்டும்தான் நம்ம கண்ணுக்குத் தெரியும். அவரோட வரவு, வீட்டுக் கடமை, சின்ன வயசு ஏக்கம் எதுவும் தெரியாது. நம்ம வேலையில லாக்ல ஒரே ஒரு வரியைப் பார்த்துட்டு "பிரச்சனை இதுதான்"னு சொன்னா டீம் லீட் ஒத்துக்குவாரா? பழனி மலைக்கு 693 படி ஏறி வர்றவங்களும் இருக்காங்க, வின்ச்ல வர்றவங்களும் இருக்காங்க, ரோப் கார்ல வர்றவங்களும் இருக்காங்க. ரோப் கார்ல இறங்கறவரோட முழங்கால் வலி படியேறி வந்தவருக்குத் தெரியாது. சன்னதியில முருகன் யாரையும் "நீ எதுல வந்த?"ன்னு கேட்கறதில்ல.

அப்போ நம்ம கூடப் பிறந்த தம்பியோ நெருங்கின நண்பனோ கடன்ல மூழ்கறதைப் பார்த்தாலும் பேசாம இருக்கணுமான்னு கேட்கலாம். இல்ல, பேசணும். எப்படிப் பேசணும்னு சுவாமிமலை சொல்லித் தருது. அப்பனுக்கே உபதேசம் பண்ணார் முருகன். ஆனா சிவபெருமான் சிஷ்யனா இருந்து கேட்ட பிறகுதான் சொன்னார். அதையும் ஊர் கூட்டிச் சொல்லல, காதுல சொன்னார். நாம குரூப்ல ஸ்கிரீன்ஷாட் போட்டுக் கிண்டல் பண்றது உபதேசம் ஆகாது.

தனியா உட்கார வெச்சு, குத்திக் காட்டாம, ஒரு கணக்கை மட்டும் காட்டுங்க. கிரெடிட் கார்டுல 50,000 ரூபாய் பாக்கின்னு வெச்சுக்குவோம். மாச வட்டி 3.5 சதவீதம்னா 1,750 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 315 ரூபாய். அந்த மாசம் 2,500 ரூபாய் மட்டும் கட்டினா அசல்ல குறையறது வெறும் 435 ரூபாய். "ஏன்டா இப்படிச் செலவு பண்ற?"ங்கிற கேள்வி அவனை நம்மகிட்டேருந்து ஒளிய வைக்கும். இந்தக் கணக்கு அவனை யோசிக்க வைக்கும். அடுத்த தடவை கஷ்டம் வந்தா நம்மகிட்டயே வருவான்.

சரி, நம்ம சிக்கனம் சரியான வழியில போகுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? மிச்சமான காசு எங்கே போகுதுன்னு பாருங்க. அருணகிரிநாதர் கந்தர் அலங்காரத்துல, வேலவனை வாழ்த்தி, இல்லாதவங்களுக்கு ஒரு நொய்யரிசியில பாதி அளவாவது பகிர்ந்து கொடுங்கன்னு சொல்றார். நொய்யே உடைஞ்ச அரிசி, அதுலயும் பாதி! அதே நூல்லயே, தேடித் தேடிச் சேர்த்துப் புதைச்சு வெச்சு, கடைசியில திருடனுக்குக் கொடுத்துட்டு வாடறவங்களைப் பார்த்தும் வருத்தப்படறார். சேமிக்கிறது தப்பில்ல. அவசரத்துக்குப் பணம் வேணும், அப்பா அம்மா வைத்தியத்துக்கு வேணும். ஆனா மிச்சமானதுல ஒரு நொய்யளவுகூட வெளியே போகலன்னா அது கஞ்சத்தனம் பக்கம் சாய ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம்.

இந்த மாசத்துலேருந்து மூணு விஷயம் செஞ்சு பாருங்க:

1. சஷ்டி அன்னைக்கு விரதம் இருந்தா, அன்னைக்குச் சாப்பாட்டுக்கு ஆகியிருக்கிற காசை ஒரு மஞ்சள் துணியில முடிஞ்சு பூஜை அலமாரியில வைங்க. மாசக் கடைசியில அதை யாரோ ஒருத்தரோட சாப்பாட்டுக்குக் கொடுங்க, இல்ல கோயில் அன்னதானத்துல சேருங்க. ஐம்பது ரூபாயா இருந்தாலும் போதும். வள்ளி கொடுத்த தேனும் தினைமாவும்தான் நம்ம முருகனுக்கு விருந்து.

2. அடுத்தவர் செலவைப் பார்த்து மனசுக்குள்ள கணக்கு ஓட ஆரம்பிச்சா, உடனே ஆறு தடவை "சரவணபவ" சொல்லுங்க. முடிச்சுட்டு "இதுல எனக்கு என்ன வேலை?"ன்னு உங்களையே கேட்டுப் பாருங்க.

3. ஒரு நண்பர் ஆசையா ஒண்ணு வாங்கிக் காட்டினா, முதல் வார்த்தையா விலையைக் கேட்காதீங்க. "நல்லா இருக்கு"ன்னு சொல்லுங்க. அதுக்கு ஒரு பைசா செலவில்ல.

முருகனோட வாகனத்தைப் பாருங்க. தோகை முழுக்க வர்ணம், உலகத்துலயே அவ்வளவு அலங்காரமான பறவை வேற இருக்கான்னு தோணும். அதுமேல ஏறிப் பறந்து பழனிக்கு வந்தவர்தான் கோவணத்தோட நிக்கிறார். மயிலைப் பார்த்து "உனக்கு எதுக்கு இவ்வளவு தோகை?"ன்னு அவர் கேட்கல. பக்கத்துலயே வெச்சுக்கிட்டார்.

இதைப் படிக்கிற ஒவ்வொருத்தர் கையிலயும் தேவைக்குக் காசும், பகிர மனசும் இருக்கணும்னு ஆண்டவர்கிட்ட வேண்டிக்கிறேன். சிக்கனமா இருக்கிற உங்க நண்பர் ஒருத்தருக்கும், தாராளமா செலவு பண்ற உங்க நண்பர் ஒருத்தருக்கும் இந்தப் பதிவை அனுப்புங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!