உள்நோக்கம்

பேஸ்பால் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்க வேண்டாம். கிரிக்கெட்டுக்கு அது தூரத்துச் சொந்தம். உருட்டுக்கட்டை மாதிரி ஒரு மட்டை, அடித்துவிட்டு ஓட வேண்டும், வேலியைத் தாண்டி அடித்தால் ஹோம் ரன். இவ்வளவு போதும். விஷயம் ஆட்டத்தில் இல்லை, ஆட்களில் இருக்கிறது.

1940-ல் மெக்ஸிகோவில் ஹோர்ஹே பாஸ்கெல் என்கிற பணக்காரர் ஒரு டீம் ஆரம்பித்தார். பெயர் வெராக்ரூஸ் அசூலெஸ். அசூலெஸ் என்றால் நீலநிறத்தார். வெராக்ரூஸ், பாஸ்கெல் பிறந்த துறைமுக ஊர். ஆனால் டீம் ஆடியது என்னவோ மெக்ஸிகோ சிட்டியில், டெல்டா பார்க் மைதானத்தில். கூட்டமும் காசும் தலைநகரில்தானே!

பாஸ்கெல் சுங்கத் தரகுத் தொழிலில் பணம் பார்த்தவர். மிகேல் அலெமான் என்ற அரசியல்வாதி அவருக்குச் சின்ன வயசு சிநேகிதர். அந்தச் சிநேகிதர் 1946-ல் நாட்டின் ஜனாதிபதியே ஆகிவிட்டார் என்றால் மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆடம்பரம், அதிகாரம், நினைத்ததை அன்றைக்கே முடிக்கிற அவசரம். மொத்தத்தில், பையன் ‘அப்பா, நான் இவரை மாதிரி வரணும்’ என்றால் கொஞ்சம் கவலைப்பட வேண்டிய ரகம்.

இந்த மனிதர் செய்த காரியத்தைப் பாருங்கள்.

அன்றைக்கு அமெரிக்காவின் மேஜர் லீகில் கறுப்பர்களுக்கு இடம் கிடையாது. எழுதப்படாத சட்டம். அவர்களுக்கென்று தனி லீக். அதன் பெயரே நீக்ரோ லீக்தான், மாற்றி எழுதினால் சரித்திரம் மாறிவிடாது என்பதால் அப்படியே எழுதுகிறேன். எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரராக இருந்தாலும் பஸ்ஸிலேயே தூக்கம், ஓட்டலின் பின்வாசலில் சாப்பாட்டுப் பொட்டலம். பணம் கொடுத்தாலும் பல ஊர்களில் ரூம் கிடையாது.

பாஸ்கெல் ஆள் அனுப்பி இவர்களைத்தான் அழைத்து வந்தார். ஜாஷ் கிப்ஸன், கூல் பாப்பா பெல், ரே டான்ட்ரிஜ், வில்லி வெல்ஸ். பேஸ்பால் தெரிந்தவர்களிடம் இந்த நாலு பெயரைச் சொல்லிப் பாருங்கள், எழுந்து உட்காருவார்கள். 1941-ல் கிப்ஸன் அசூலெஸுக்காக அடித்த ஹோம் ரன்கள் 33. அந்த வருஷமும் முந்தின வருஷமும் அசூலெஸ்தான் சாம்பியன்.

வில்லி வெல்ஸை மெக்ஸிகர்கள் ‘எல் டியாப்லோ’ என்று கூப்பிட்டார்கள். பிசாசு என்று அர்த்தம், திட்டு அல்ல, கொஞ்சல். 1944-ல் ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ பத்திரிகையின் வெண்டெல் ஸ்மித்திடம், ஏன் மறுபடி மெக்ஸிகோ போனேன் என்று வெல்ஸ் விளக்கினார். சம்பளம் ஒரு காரணம். ஆனால் அது மட்டுமில்லை. அங்கே பிடித்த ஓட்டலில் போய் உட்கார்ந்து சாப்பிடலாம், எங்கே வேண்டுமானாலும் தங்கலாம், அங்கே தான் ஒரு மனுஷன் என்கிற பொருளில் பேசினார். நாற்பது வயசை நெருங்குகிற ஒருவர் இதைச் சொல்கிறார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

மெக்ஸிகோ சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 1930களின் தொடக்கத்தில் சோனோரா மாநிலத்திலிருந்து சீனர்களைக் குடும்பத்தோடு விரட்டியதும் அதே தேசம்தான்.

இப்போது கேள்வி. பாஸ்கெல் இதையெல்லாம் இனவெறிக்கு எதிராகவா செய்தார்? சத்தியமாக இல்லை. சோழியன் குடுமி சும்மா ஆடுமா? அவருக்கு ஜெயிக்க வேண்டும், மைதானம் நிரம்ப வேண்டும். அமெரிக்காவை ஒரு இடி இடிக்கவும் ஆசை. 1914 ஏப்ரலில் அமெரிக்கக் கடற்படை வெராக்ரூஸைத் தாக்கிப் பிடித்து நவம்பர் வரை வைத்திருந்தது. அப்போது பாஸ்கெலுக்கு ஏழு வயசு. அந்த வடு கடைசிவரை போகவில்லை என்பார்கள். அமெரிக்க மேஜர் லீக் சீந்தாத முதல்தரச் சரக்கு நியாயமான விலைக்குக் கிடைத்தது, வாங்கினார். அவ்வளவுதான்.

ஜெர்மன் தத்துவஞானி கான்ட் 1785-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு கடைக்காரர் வருகிறார். குழந்தை வந்தாலும் சரியான விலைதான் சொல்வார். ஏன்? ஏமாற்றினால் நாளைக்கு வியாபாரம் படுத்துவிடும். கான்ட் சொல்கிறார்: காரியம் சரி, ஆனால் அதற்கு ஒழுக்க மதிப்பு கிடையாது. கடமை என்று நினைத்துச் செய்திருந்தால்தான் மார்க். அந்தக் கணக்கில் பாஸ்கெலுக்கு பூஜ்யம்.

கான்ட் பெரிய ஆள். நான் எதிர்த்துப் பேசினால் நன்றாக இருக்காது. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. அவர் கடைக்காரரின் நெஞ்சுக்குள்ளேயே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைக்கு வந்த குழந்தையை யார் கேட்டார்கள்? வெல்ஸ் ஓட்டல் மேஜையில் உட்கார்ந்து, சர்வர் வந்து ‘என்ன சாப்பிடறீங்க?’ என்று கேட்ட நிமிஷத்தில் முதலாளியின் உள்நோக்கம் அந்தத் தட்டில் எங்கே இருந்தது?

நான் இந்தக் கட்சிதான். ஆனால் அத்தனை சுலபமாக ஜெயித்துவிட முடியவில்லை.

முதலில், வெல்ஸும் டான்ட்ரிஜும் யாரிடமிருந்து போனார்கள்? நூவர்க் ஈகிள்ஸ் என்கிற கறுப்பர் டீமிலிருந்து. அதை நடத்திய எஃபா மேன்லி ஒவ்வொரு டாலரையும் எண்ணிச் செலவு செய்தவர். கிப்ஸனின் முதலாளி கம் போஸியும் கறுப்பர்தான். ஒப்பந்தத்தை மீறி ஓடிவிட்டார் என்று கிப்ஸன் மேல் கேஸ் போட்டார். வீட்டுக்கே ஆபத்து வந்தது. அடுத்த வருஷம் திரும்பி வந்த பிறகுதான் விவகாரம் அடங்கியது. ஆட்டக்காரருக்கு விடுதலை, அவரை வளர்த்த டீமுக்கு நஷ்டம். நல்ல காரியத்தின் பில் சில சமயம் தப்பான விலாசத்துக்குப் போய்விடுகிறது.

இரண்டாவது இன்னும் சங்கடம். க்வின்ஸி ட்ரூப் என்ற ஆட்டக்காரர் தன் சுயசரிதையில் சொல்கிற சம்பவம். 1943, யுத்த காலம். அவரும் தியோலிக் ஸ்மித்தும் நாட்டை விட்டு வெளியே போக அனுமதி இல்லை. ஒரு நாள் மெக்ஸிகோ தூதரகத்து ஆள் வருகிறார். அமெரிக்காவின் ஆள் பஞ்சத்துக்கு நாங்கள் 80,000 தொழிலாளர்களைக் கொடுத்திருக்கிறோம், பதிலுக்குக் கேட்டது உங்கள் இரண்டு பேரைத்தான் என்கிறார். 80,000 பேருக்கு இரண்டு! ட்ரூப்புக்கு அதில் பெருமைதான் என்று தோன்றுகிறது. வயலில் குனிந்து காய் பறித்த அந்த எண்பதாயிரம் பேரை யாராவது கேட்டார்களா என்று எனக்கு நினைக்கத் தோன்றுகிறது.

1946-ல் பாஸ்கெல் லீகுக்கே தலைவராகி, மேஜர் லீகின் வெள்ளைக்காரர்கள் மேல் கை வைத்தார். மாக்ஸ் லேனியர், மிக்கி ஓவன், டானி கார்டெல்லா என்று பலர் அசூலெஸுக்கே வந்து சேர்ந்தார்கள். ஜாக்கி ராபின்ஸன் மேஜர் லீகில் கால் வைப்பதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே வெள்ளையரும் கறுப்பரும் மெக்ஸிகன் லீகில் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவுக்கு அதிர்ச்சி. அங்கே அப்போது ‘ரிசர்வ் க்ளாஸ்’ என்று ஒரு ஷரத்து இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் அதே முதலாளிக்குத்தான் சொந்தம். அதை மீறியவர்களுக்கு கமிஷனர் ஹாப்பி சாண்ட்லர் ஐந்து வருஷம் தடை போட்டார். கார்டெல்லா திரும்பி வந்து ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை பார்த்தார், 1947-ல் கோர்ட்டுக்கும் போனார். 1949 பிப்ரவரியில் அப்பீல் கோர்ட் அவர் வழக்கை விசாரிக்கலாம் என்றது. அதில் ஒரு நீதிபதி, ஜெரோம் ஃப்ராங்க், அந்த ஷரத்தை அடிமைத்தனத்தோடு ஒப்பிட்டே எழுதினார். சில மாதங்களில் தடை நீங்கியது. கடைசியில் கார்டெல்லாவின் கேஸ் சமரசத்தில் முடிந்தது. ஆட்டக்காரர்களின் உரிமைக்கு முதல் கீறல். பாஸ்கெல் கனவிலும் நினைக்காத பலன் இது.

அவர் நினைத்தது நடக்கவில்லை. நஷ்டத்துக்கு மேல் நஷ்டம். சம்பளங்களை வெட்டினார்கள், 1948-ல் லீக் பாதியில் நொண்டியது, பாஸ்கெல் ஒதுங்கினார். அசூலெஸ் 1951-ல் இன்னொரு முறை சாம்பியன் ஆனது. அப்புறம் ஐம்பதுகளிலேயே டீம் காணாமல் போனது. 1955 மார்ச்சில் விமான விபத்தில் பாஸ்கெல் இறந்தார்.

இங்கேதான் கான்ட் என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்கிறது. ஒருவர் ஆசையில் தொங்குகிற நல்லது, ஆசை தீர்ந்ததும் விழுந்துவிடும். உள்நோக்கம் தட்டில் தெரியாது, ஆனால் நாளைக்கும் சாப்பாடு உண்டா என்பதில் தெரியும் என்று சொல்லிவிட்டு முடித்திருப்பேன்.

ஆனால் பிராஞ்ச் ரிக்கி என்று ஒருவர் இருக்கிறாரே! ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் தலைவர், ராபின்ஸனைக் கொண்டுவந்து 1947 ஏப்ரல் 15-ல் நிறத்தடையை உடைத்தவர். மதப்பற்று உள்ளவர், இனவெறி தப்பு என்று நிஜமாகவே நம்பியவர். அதே சமயம் ஜெயிக்க வேண்டும், டிக்கெட் விற்க வேண்டும் என்ற கணக்கும் இருந்தது. அதைவிட, ராபின்ஸனைப் பறிகொடுத்த கான்ஸஸ் சிட்டி மோனார்க்ஸுக்கு அவர் ஒரு பைசா கொடுக்கவில்லை. பாஸ்கெலுக்கும் இவருக்கும் உள்ளே இருந்த வித்தியாசத்தை எந்தத் தராசில் நிறுப்பது? ரிக்கி செய்தது நிலைத்தது.

நிலைத்தது என்றால், எல்லாருக்கும் இல்லை. ரே டான்ட்ரிஜை 1949-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் தங்களுடைய மின்னியாபொலிஸ் கிளை டீமில் எடுத்தார்கள். வயசு முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. அடுத்த வருஷம் அந்த லீகின் சிறந்த ஆட்டக்காரர் பட்டம். 1951-ல் கூட ஆடிய வில்லி மேஸ் என்கிற பையனை மேலே கூப்பிட்டார்கள். டான்ட்ரிஜை ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூடக் கூப்பிடவில்லை. 1987-ல் புகழ்மண்டபத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஜாஷ் கிப்ஸன் 1947 ஜனவரியில், ராபின்ஸன் இறங்குவதற்கு மூன்று மாதம் முன்னால், 35 வயசில் செத்துப்போனார். 2024-ல் மேஜர் லீக், நீக்ரோ லீக் கணக்குகளையும் தன் ஏட்டில் சேர்த்தபோது, பேட்டிங் சராசரியில் எல்லாக் காலத்துக்கும் முதல் பெயர் அவருடையது ஆனது. அசூலெஸுக்கு அடித்த அந்த 33 ஹோம் ரன்கள் மட்டும் அந்தக் கணக்கில் கிடையாது.